அதையும் சேத்திக்குங்க

இங்கே பேசப்போவது குறை சொல்லுகிறவர்களைப் பற்றி அல்ல. அவர்கள் சாதுக்கள், வயிற்றில் இருப்பதைக் கொட்டிவிட்டு, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டுத் தூங்கப் போய்விடுவார்கள். கோர்ட்டுக்குப் போகிறவர்களைப் பற்றியும் அல்ல. ஜெயமோ தோல்வியோ, அவர்களுக்கு என்றைக்காவது ஒரு தீர்ப்பு உண்டு. இது வேறொரு பிறவி. பிராது கொடுத்துவிட்டு, கொடுத்த பிராதைத் திருத்தி, திருத்தின பிராதுக்கு ஒரு திருத்தம் கொடுத்து, அந்தத் திருத்தத்தில் விட்டுப்போனதைச் சேர்க்க மறுபடியும் மனுப் போட்டு, அதற்குள் புதிதாக ஒன்று ஞாபகம் வந்துவிட்டதே என்று விடிந்தும் விடியாமலும் வக்கீல் வீட்டு வாசலில் பல் விளக்காமல் வந்து நிற்கிற பிறவி. பிராது திருத்துகிறவர். நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

அவரைக் கண்டுபிடிப்பது சுலபம். தெருவில் போய்க்கொண்டிருப்பார், திடீரென்று நின்றுவிடுவார். கண் மேலே போகும். கை தானாக நெற்றிக்குப் போகும். பாவம், எதையோ மறந்துவிட்டார் என்று நீங்கள் இரக்கப்படுவீர்கள். மறந்திருந்தால்தான் யாருக்கும் கெடுதல் இல்லையே! எதையோ ஞாபகப்படுத்திக்கொண்டுவிட்டார், அதுதான் சங்கதி. உலகத்தில் நடந்ததெல்லாம் அவருக்கு இரண்டே வகை: பிராதில் ஏறியது, இன்னும் ஏறாதது. கல்யாண வீட்டில் எல்லோரும் பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்ப்பார்கள். அவர் சந்தனக் கிண்ணம் தம்மிடம் வருவதற்கு முன் யார் யாரிடம் போனது என்று பார்ப்பார். துக்க வீட்டில்கூட, செத்தவர் தம் பேரில் இருந்த புகாருக்குப் பதில் சொல்லாமலே போய்விட்டாரே என்றுதான் அவருக்கு அழுகை வரும். அந்த அழுகை மட்டும் நிஜமானது.

மாதிரிக்கு ஒருவரைப் பார்க்கலாம். நாமக்கல்லுக்கு மேற்கே தொட்டியபாளையத்தில் அப்புசாமிக் கவுண்டர் என்று ஒருவர். மேட்டூரில் காவிரிக்குக் குறுக்கே அணை எழும்பிக்கொண்டிருந்த காலம். அப்புசாமிக்கு நல்ல பண்ணையம், நல்ல மாடு, பொய் சொல்லத் தெரியாத வாய். சீட்டாட்டம் கிடையாது, கள் கிடையாது. கெட்ட பழக்கம் ஒன்றுகூட இல்லாத மனிதருக்குப் பொழுது எப்படிப் போகும்? அந்தச் சமயம் பார்த்துத்தான் அவருடைய பங்காளி செங்கோட்டையன் வேலி வைத்தார்.

அந்தப் பக்கத்தில் காட்டுக்குப் போகிற வண்டித்தடத்துக்கு இட்டேரி என்று பேர். இரண்டு பக்கமும் உயிர்வேலி, நடுவில் ஒரே ஒரு வண்டி போகிற அகலம். இட்டேரியின் ஒரு பக்கம் முழுக்கச் செங்கோட்டையன் காடு; கோடியில் அப்புசாமியின் கடலைக்காய்க் காடு. பழைய வேலியைக் கறையான் தின்றுவிட்டதால், மழை விழுந்த கையோடு செங்கோட்டையன் கிளுவை மரத்தின் போத்துக் கிளைகளை வெட்டி வந்து வரிசையாக நட்டுப் புது வேலி போட்டார். கயிறு பிடிக்காமல் கண் நோட்டத்திலேயே நட்டதில், வேலி ஒரு முழம் இட்டேரிக்குள் வந்துவிட்டது. ஆள் போகலாம், ஆடு போகலாம். வண்டி போகாது, அச்சு இடித்தது. ஆகவே காட்டுக்குப் போகவேண்டிய எருவும் காட்டிலிருந்து வரவேண்டிய கடலைக்காயும் தலைச்சுமையாகப் போய்த் தலைச்சுமையாக வந்தன. தலை யாருடையது என்று கேட்கிறீர்களா? அப்புசாமியின் மனைவி பாப்பாயியுடையது.

பாப்பாயி இதைப் பற்றி ஒரே ஒரு தரம்தான் சொன்னாள். எருக்கூடையை இறக்கி வைத்துவிட்டு, பிடரியைக் கையால் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"ஏனுங்க, அவியகிட்டப் போயி ஒரு வார்த்தை சொல்லுங்க. களுத்து நோவுதுங்க."

செங்கோட்டையன் வீடு கூப்பிடு தூரம். கூப்பிட்டுச் சொல்லியிருந்தால் அன்றைக்கே இரண்டு ஆளை விட்டுப் பிடுங்கி நட்டிருப்பார். ஆனால் அப்படிச் செய்தால் செங்கோட்டையன் தப்பு செய்தார் என்று எங்கே பதிவாகும்? அப்புசாமி பத்திரங்களை எடுத்தார். கட்டுவதற்கு ஒரு நல்ல துணியைத் தேடினார். பாப்பாயியிடம் ஒன்று இருந்தது; தாய்வீட்டுப் புடவையை மடித்து அவளே தைத்து வைத்திருந்த சும்மாட்டுத் துணி. சுமையைத் தூக்குமுன் சுருட்டித் தலையில் வைத்துக்கொள்வாள். மெத்தென்று இருக்கும். அதில் பத்திரங்களைக் கட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அப்புசாமி நாமக்கல்லுக்கு பஸ் ஏறினார். அன்றைக்குப் பாப்பாயி வைக்கோலைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு எருச் சுமந்தாள்.

வக்கீல் சுவாமிநாதன் யோக்கியர். விஷயத்தைக் கேட்டுவிட்டு நாலே வரியில் பிராது எழுதினார். வாதி இன்னார், பிரதிவாதி இன்னார், வேலி ஒரு முழம் உள்ளே இருக்கிறது, அதைப் பிடுங்கி வண்டித்தடத்தை விடச்சொல்லி உத்தரவு வேண்டும். எழுதி மையொற்றிவிட்டு, இரண்டு வாய்தாவில் முடிந்துவிடும் போங்கள் என்றார். அந்தக் கடைசி வார்த்தையை அவர் சொல்லியிருக்கக் கூடாது.

முடிந்துவிடுமா? பஸ்ஸில் அப்புசாமிக்கு நெஞ்சு காலியாகிவிட்டது. இத்தனை பெரிய அநியாயம் நாலே வரியா? அது இரண்டே வாய்தாவில் முடிந்து, மூன்றாவது நாள் தாம் பாட்டுக்கு மாட்டைப் பூட்டி ஏர் ஓட்டிக்கொண்டு நிற்பதா? வெளியே வேப்பமரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டே வந்தவருடைய கை மெல்ல நெற்றிக்குப் போனது. செங்கோட்டையனின் சேவல்! அது வேலியின் மேல் ஏறி நின்று கூவுகிறது. கூவட்டும், சேவல் கூவும். ஆனால் அப்புசாமி வீட்டைப் பார்த்தல்லவா கூவுகிறது? நடு வழியில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கி, வெயிலில் திரும்பி நடந்து, வக்கீல் மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்காருகிற நேரத்தில் வாசலில் போய் நின்றார்.

"ஒண்ணு உட்டுப்போச்சுங்க. அதையும் சேத்திக்குங்க."

சேர்த்தார்கள். பிராதில் புதுச் சங்கதியைச் சேர்ப்பதென்றால் மனுப் போடவேண்டும், மனுவின் நகல் எதிரிக்குப் போகவேண்டும், எதிரி பதில் சொல்லவேண்டும், அதற்கு ஒரு வாய்தா வேண்டும். அந்த வாய்தா வருவதற்குள் அப்புசாமிக்குச் செங்கோட்டையன் வீட்டுக் கல்யாணப் பந்தி ஞாபகம் வந்துவிட்டது. பருப்புக்கு நெய் ஊற்றி வந்தவன் இந்தப் பக்கத்து இலைக்கும் ஊற்றினான், அந்தப் பக்கத்து இலைக்கும் ஊற்றினான், நடுவில் இவர் இலையைத் தாண்டிப் போய்விட்டான். இதற்கும் வேலிக்கும் என்ன சம்பந்தம் என்று வக்கீல் கேட்டார். அன்றைக்கு நெய்யைத் தாண்டினவன்தான் இன்றைக்கு வேலியைத் தாண்டி நட்டான் என்றார் அப்புசாமி. சரி, கோர்ட்டு உங்களுக்கு என்ன வாங்கித் தரவேண்டும், நெய்யா என்று வக்கீல் கேட்டார். அப்புசாமி முகம் சிவந்துவிட்டது. நெய் இல்லீங்க, மருவாதி என்றார். மருவாதிக்கு எந்த ஸ்டாம்பு ஒட்டுவது என்று தெரியாமல் குமாஸ்தா அரை நாள் சட்டப் புஸ்தகத்தைப் புரட்டினார்.

அப்புறம் ஞாபகத்தின் அணை உடைந்துவிட்டது. செங்கோட்டையனின் தகப்பனார் பாகப்பிரிவினையில் நொண்டிக் காளையை இந்தப் பக்கம் தள்ளிவிட்டது. அந்தத் தகப்பனாரையும் பிரதிவாதியாகச் சேர்க்கவேண்டும். அவர் காலமாகிவிட்டாரே என்றால், சும்மா ஓரமாகப் பேரை எழுதி வைக்கட்டும், இருக்கிற இடத்தில் அவருக்கு உறைக்கட்டும். செங்கோட்டையன் இட்டேரியில் எதிரே வரும்போது தொண்டையைக் கனைப்பது. எதிரே வரும்போது கனைக்காமலே போவது. கனைத்தது ஒரு திருத்தம், கனைக்காதது மறு திருத்தம். அப்புசாமிக்கு நல்ல சாட்சி ஒருவர் இருந்தார், அடுத்த காட்டுத் தீர்த்தகிரி. வேலி உள்ளே வந்ததைக் கண்ணால் பார்த்தவர், தலையில் அடித்துச் சத்தியம் செய்யத் தயாராக இருந்தவர். நெய்யைத் தாண்டியதையும் பார்த்தேன் என்று சொல்லச் சொன்னார் அப்புசாமி. தாம் அடுத்த பந்தியில் சாப்பிட்டதாகத் தீர்த்தகிரி சொன்னார். பார்த்திருக்கவேண்டியதைப் பார்க்காமல் இருந்த குற்றத்துக்காக அவரும் பிரதிவாதி ஆனார். ஊரில் இப்படிச் சாட்சிகள் ஒவ்வொருவராகப் பிரதிவாதிகளாக மாறிக்கொண்டே வந்தார்கள். சும்மாட்டுத் துணி மூட்டை பருத்துக்கொண்டே வந்தது. இன்னும் கொஞ்சம் பருத்தால் அதையே பாப்பாயி தலையில்தான் ஏற்றவேண்டியிருக்கும்.

இதற்கு நடுவே நடந்த விபரீதத்தைக் கேளுங்கள். ஒரு வாய்தா அன்றைக்குச் செங்கோட்டையன் கோர்ட்டில் எழுந்து நின்றார். மனிதர் களைத்துப் போயிருந்தார். வேலை நாளெல்லாம் நாமக்கல்லில் போகிறது. வீட்டில் அவர் மனைவி சௌந்திரம் வேறு, பாப்பாயி கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்புகிறாள், கண்ணால் பார்க்கச் சகிக்கவில்லை என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டு பெண்களும் ஒரே கிணற்றில் தண்ணீர் சேந்துகிறவர்கள். வாதி பிரதிவாதி என்பதெல்லாம் அந்தக் கிணற்றுக்குத் தெரியாது.

"வேலியில தப்பு என்னுதுதானுங்க," என்றார் செங்கோட்டையன். "நாளைக்கே புடுங்கிப் போடறனுங்க."

கோர்ட்டில் எல்லோருக்கும் மூச்சு வந்தது. வக்கீல் சுவாமிநாதன் கண்ணை மூடிக்கொண்டு கடவுளை நினைத்தார். அப்புசாமிக்கு மட்டும் தலை சுற்றியது. பிராது முழுவதும் வேலியின் மேலல்லவா நிற்கிறது? சேவல் நிற்பது வேலியில். கனைத்தது வேலி ஓரத்தில். வேலியைப் பிடுங்கிவிட்டால் சேவல் எங்கே நிற்கும், பிராது எங்கே நிற்கும்? முன்சீப், நீர் கேட்டதைத்தானே அவர் கொடுக்கிறேன் என்கிறார், பின் என்ன என்று கேட்டார்.

"கேட்டது வாஸ்தவமுங்க," என்றார் அப்புசாமி. "ஆனா அதையக் கோர்ட்டு சொல்லிப் புடுங்கோணும். அவனாப் புடுங்கப்படாது."

உடனே ஒரு மனு. வேலி இந்த வழக்கின் முக்கியமான ருசு, அத்தாட்சி. கோர்ட்டு அனுப்பும் கமிஷனர் ஒருவர் நேரில் வந்து பார்வையிட்டு அறிக்கை கொடுக்கும்வரை அதை யாரும் தொடக்கூடாது. நியாயமாகத்தான் இருந்தது. அதுவரை இருக்கிறபடியே இருக்கட்டும் என்று உத்தரவாயிற்று. வேலியைப் பிடுங்கச் சொல்லி வழக்குப் போட்டவர் வேலிக்குக் காவல் உத்தரவு வாங்கிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தார். கமிஷனர் வரத் தேதி வைக்கும்போதெல்லாம் பார்வையிடவேண்டிய இன்னொரு சங்கதி பிராதில் ஏறிவிடும், தேதி தள்ளிப்போகும்.

கிளுவை உயிருள்ள மரம். நட்ட போத்துகள் வேர்விட்டு, துளிர்த்து, கிளைத்து, சிட்டுகள் அதில் கூடு கட்டின. பிறகு ஒரு வருஷம் மழை பொய்த்தது. வேலி ஓரிடத்தில் வாட ஆரம்பித்தது. அப்புசாமி அதைக் கண்டு பதறிப்போனார். ருசு காய்ந்துபோனால் வழக்கு என்ன ஆவது? செங்கோட்டையனாகச் செத்த போத்தைப் பிடுங்கிவிட்டுச் சும்மா இருந்துவிட்டால்? காலையும் மாலையும் குடத்தில் தண்ணீர் எடுத்துப்போய், எதிரியின் வேலிக்கு வேர் வேராக ஊற்றினார். கொள்ளு விதைத்த சொந்தக் காடு பக்கத்தில் வாய் பிளந்து கிடந்தது. செங்கோட்டையன் ஒரு நாள் அந்த வழியாக வந்தவர், பங்காளி தம் வேலிக்குத் தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்து நின்றார். கனைத்தால் ஒரு திருத்தம், கனைக்காவிட்டால் ஒரு திருத்தம். வந்த வழியே திரும்பிப் போய்விட்டார்.

மேட்டூர் அணை முடிந்தது. ஊரே வண்டி கட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்து, கடல் மாதிரித் தண்ணீர் நிற்கிறது என்று வாய் ஓயாமல் பேசியது. அப்புசாமியும் போனார். அவ்வளவு தண்ணீரையும் பார்த்துவிட்டு, இத்தனை பெரிய வேலையை முடித்துவிட்டார்களே, இனி இவர்கள் என்ன செய்வார்கள் என்று அந்த இஞ்சினீயர்களுக்காக நிஜமாகவே வருத்தப்பட்டார்.

அந்த வருஷம் கடலைக்காய் விளைந்ததைப்போல் அதற்கு முன் விளைந்ததில்லை. செடியைப் பிடுங்கினால் கொத்துக் கொத்தாகத் தொங்கியது. ஆள் விட்டுப் பிடுங்கிக் காட்டிலேயே குவித்துப் போட்டார்கள். தலைச்சுமையாகக் கொண்டுவந்தால் வீடு சேர ஒரு வாரம் ஆகும். அன்று காலையில் கொல்லிமலைப் பக்கம் கறுத்தது. காட்டில் கிடக்கிற பிடுங்கின கடலைக்காயில் ஒரு நல்ல மழை விழுந்தால் போதும். அத்தனையும் முளைத்துப்போகும், வருஷ உழைப்பு மாட்டுத் தீவனமாகும். அன்றைக்கு வாய்தா. அப்புசாமி வேட்டியை மாற்றிக்கொண்டு மூட்டையோடு புறப்பட்டார். பாப்பாயி அரிவாளைக் கையில் வைத்துக்கொண்டு வழியில் நின்றாள்.

"மழ வருதுங்க. வண்டி போற அளவுக்கு மட்டும் வேலிய ஒதுக்கிக்கட்டுங்களா?"

வேலியில் கை வைத்தால் கோர்ட்டை அவமதித்ததாகும் என்று அப்புசாமி பொறுமையாக விளக்கினார். இன்றைக்குக் கொடுக்கப்போகிற திருத்தம் மிக முக்கியமானது என்றும் சொன்னார். அது என்ன திருத்தம் என்று பாப்பாயி கேட்கவில்லை. சேவலைப் பற்றியது. பழைய சேவல் கிழடாகிச் செத்துப்போய்விட்டது. அதன் இடத்தில் அதன் வாரிசைச் சேர்க்கவேண்டியிருந்தது.

பஸ் போன புழுதி அடங்குவதற்குள் பாப்பாயி இட்டேரிக்குப் போய்விட்டாள். சௌந்திரம் தன் வீட்டு அரிவாளோடு அங்கே முன்னாலேயே நின்றுகொண்டிருந்தாள். யார் யாரைக் கூப்பிட்டார்கள் என்று இன்றுவரை தெரியாது. இரண்டு பேரும் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு வேலியைக் கோடியிலிருந்து கோடிவரை அடியோடு சாய்த்தார்கள். வருஷக்கணக்காகத் தண்ணீர் ஊற்றி வளர்த்த வேலியாயிற்றே, கை சளைத்துப்போனது. பிறகு சௌந்திரம் தன் வண்டியில் மாட்டைப் பூட்டி ஓட்டி வந்தாள். பொழுது சாய்வதற்குள் ஒரு காய் மிச்சமில்லாமல் அத்தனையும் அப்புசாமியின் வீடு சேர்ந்துவிட்டது. கடைசி வண்டி வாசலில் திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது.

அப்புசாமி அந்த மழையில் வந்து இறங்கினார். காட்டைப் போய்ப் பார்க்கவில்லை, வீட்டுக்குள்ளும் போகவில்லை. நேரே இட்டேரிக்குப் போனார். வேலி இல்லை. அகலமாக, ஈரமாக, ஒரு தடை இல்லாமல் வண்டித்தடம் கிடந்தது. முதன்முதலில் அவர் கோர்ட்டில் கேட்டது எதுவோ அதுவே. பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவர் போல் அந்தச் சேற்றில் உட்கார்ந்துவிட்டார். பாப்பாயி சாக்கை மடித்துக் கொங்காடையாகத் தலையில் போட்டுக்கொண்டு வந்து, இன்னொரு சாக்கை அவர் தலைமேல் பிடித்தாள். யார் வெட்டியது என்று கேட்டார். நான்தான் என்றாள். சௌந்திரமும் உண்டா என்று கேட்டார். உண்டு என்றாள். கடலைக்காய் நனையவில்லை என்றும் சொன்னாள். அது அவர் காதில் விழவில்லை. அவர் கை நெற்றிக்குப் போயிருந்தது.

மறுநாள் வக்கீல் சுவாமிநாதன் பேனாவை மையில் தோய்த்துக்கொண்டு, இன்றைக்கு என்ன என்பதுபோல் நிமிர்ந்து பார்த்தார். இன்னும் இரண்டு பிரதிவாதிகள், ருசுவை அழித்தவர்கள் என்றார் அப்புசாமி. ஒன்று சௌந்திரம். வக்கீல் எழுதிக்கொண்டார். மற்றது பாப்பாயி. எந்தப் பாப்பாயி என்று வக்கீல் எழுதிக்கொண்டே கேட்டார்.

"என்ற ஊட்டுக்காரிதானுங்க."

வக்கீல் பேனாவைக் கீழே வைத்தார். ஜன்னல் வழியாக மலைக்கோட்டையைப் பார்த்தார். பிறகு எடுத்து எழுதினார். அவருக்கும் பழகிப்போயிருந்தது.

சம்மன் கொடுக்கக் கோர்ட்டு அமீனா தொட்டியபாளையத்துக்கு வந்தார். பிரதிவாதியின் வீடு எது என்று விசாரித்தார். வாதியே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். பிரதிவாதியை அடையாளம் காட்ட யாராவது வேண்டும் என்றார், வாதியே காட்டினார். வெயிலில் வந்த மனிதருக்கு ஒரு சொம்பு மோர் கொண்டுவரும்படி வாதி சொல்ல, பிரதிவாதி கொண்டுவந்து கொடுத்தாள். அமீனா மோரைக் குடித்துவிட்டுச் சம்மனைக் கொடுத்து, பெருவிரல் ரேகை வாங்கிக்கொண்டு, இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தபடியே போனார்.

அன்று பொழுதோடு அப்புசாமி கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். சோற்று வட்டில் வரவில்லை. பாப்பாயி அடுப்படியிலேயே நின்றாள்.

"எதிர்க்கச்சிக்காரருக்கு நாஞ் சோறு போடலாமுங்களா? பிராதுல அதுக்கு எதாச்சியும் சொல்லியிருக்குதுங்களா?"

அப்புசாமி யோசித்துப் பார்த்தார். அதைப் பற்றிப் பிராதில் ஒன்றும் இல்லை என்றார்.

"அப்ப அதையும் சேத்திக்குங்க," என்று சொல்லிவிட்டு, பாப்பாயி சௌந்திரத்தின் வீட்டுக்குப் போய்விட்டாள். போனவள் அன்றைக்கும் திரும்பவில்லை, அதற்கடுத்த நாளும் திரும்பவில்லை. அப்புசாமி அவல் தின்றுகொண்டு, மனைவி எதிரியின் வீட்டில் தங்கியிருப்பதைப் பற்றி ஒரு திருத்தம் தயார் செய்தார். அதைச் சொல்லிப் பார்க்கும்போது மட்டும் ஏனோ வழக்கமான சுகம் வரவில்லை.

வாய்தா அன்று பாப்பாயி கூண்டில் ஏறினாள். வக்கீல் வைக்கவில்லை. கழுத்தைத் திருப்ப முடியாததால் முன்சீப்பைப் பார்க்க உடம்போடு திரும்பினாள். வேலியை வெட்டியது யார் என்று கேட்டார்.

"நாந்தானுங்க சாமி. இவிய மொதமொதல்ல என்ன கேட்டாங்களோ, அதையத்தான் செஞ்சனுங்க."

மூட்டையின் அடியிலிருந்து அந்த முதல் பிராதைத் தேடி எடுக்க வெகு நேரம் ஆயிற்று. நாலே வரி. முன்சீப் அதை வாய்விட்டுப் படித்தார். வேலியைப் பிடுங்கி வண்டித்தடத்தை விடவேண்டும். பிடுங்கியாயிற்று, விட்டாயிற்று. வேலியைத் தொடக்கூடாதென்ற உத்தரவு இருந்ததே என்று அப்புசாமி எழுந்து நின்று கேட்டார். உத்தரவு வழக்கில் இருந்தவர்களுக்கு. வெட்டின அன்றைக்கு இந்த அம்மாள் வழக்கில் இல்லை, மறுநாள் கொண்டுவந்து சேர்த்தது நீர் என்றார் முன்சீப். வாதி கேட்ட பரிகாரத்தைப் பிரதிவாதியே பூரணமாகச் செய்து கொடுத்துவிட்டபடியால் வழக்கு முடிந்தது. சேவலும் நெய்யும் பிறவும் தள்ளுபடி. பேனாவை வைக்குமுன், அந்தக் கழுத்தைப் பார்த்தாரோ என்னவோ, உனக்கு இவர் பேரில் ஏதாவது குறை உண்டா அம்மா என்று பாப்பாயியைக் கேட்டார்.

குமாஸ்தாக்கள் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். இத்தனை வருஷத்துக் குறை. எங்கிருந்து ஆரம்பிப்பாளோ, எத்தனை நாள் பிடிக்குமோ!

"ஒண்ணே ஒண்ணுதானுங்க," என்றாள் பாப்பாயி. "அந்தப் பிராதக் கட்டியிருக்கற துணி, அது என்ற சும்மாட்டுத் துணிங்க. அதையக் குடுக்கச் சொல்லுங்க."

அந்தக் கோர்ட்டில் அவ்வளவு சீக்கிரம் நிறைவேறிய உத்தரவு வேறு இல்லை. அப்புசாமியே முடிச்சை அவிழ்த்தார். காகிதங்கள் சரிந்து தரை முழுவதும் பரவின. சேவல், நெய், நொண்டிக் காளை, கனைப்பு எல்லாம் காலடியில் கிடந்தன. அவர் அவற்றைப் பொறுக்கவில்லை. துணியை உதறி, மடிப்பைப் பார்த்து மடித்து, பாப்பாயியிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அப்போதுதான் அவள் பிடரியைப் பார்த்தார். கன்றுக்குட்டியின் திமில் போல வீங்கியிருந்தது. இது எப்போதிலிருந்து என்று கேட்டார். மொதல்லயே சொன்னனுங்களே என்றாள் பாப்பாயி. வெளியே செங்கோட்டையன் வண்டி பூட்டி நின்றார். சௌந்திரம் நகர்ந்து பாப்பாயிக்கு இடம் விட்டாள். அப்புசாமி கடைசியில் ஏறி, பின்பக்கம் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்துகொண்டார். வண்டிக்குள் தம்மைப் பின்னால் உட்காரவைத்துவிட்டதை அவர் கவனிக்காமல் இல்லை. கை நெற்றிக்குப் போகத்தான் பார்த்தது. பாதி வழியில் அதைத் திருப்பி, பாப்பாயியின் தோளுக்குக் கீழே, குலுக்கலுக்கு அணைவாக முட்டுக் கொடுத்து வைத்துக்கொண்டார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்களுக்குக் கோர்ட்டும் இல்லை, கிளுவை வேலியும் இல்லை. நேற்றுச் சாப்பிடும்போது குழம்பில் ஒரு கல் உப்பு அதிகம் என்று ஆரம்பித்தீர்களே, அது என்ன? நாலு வரிப் பிராது. இரண்டு வாயில் முடிந்திருக்கும். நீங்கள் விட்டீர்களா? உப்பிலிருந்து உப்பு வாங்கிய கடைக்கும், கடையிலிருந்து அந்தக் கடையைச் சிபாரிசு செய்த மைத்துனருக்கும், மைத்துனரிடமிருந்து அவர் உங்கள் கல்யாணத்துக்கு முகூர்த்தம் முடிந்து வந்ததற்கும், அங்கிருந்து போன தீபாவளி வேட்டியின் கரைக்கும் போய், கை காயக் காய உட்கார்ந்து திருத்தவில்லையா? எதிரே பேசாமல் பரிமாறிக்கொண்டிருந்தவர்கள் எப்போதோ உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்டார்கள். ஒரே ஒரு தரம். அது என்னவென்று ஞாபகம் இருக்கிறதா? இல்லை. ஆனால் இதெல்லாம் சரி, எழுதினவர் முக்கியமான ஒன்றை விட்டுவிட்டாரே என்று இந்த நிமிஷத்தில் உங்களுக்கு ஞாபகம் வருகிறது. கை எங்கே போகிறது, பாருங்கள். மெதுவாகக் கீழே இறக்குங்கள்.